எண்ணெய் டின்னின் இரண்டாவது துளை

எண்ணெய் டின்னைத் திறக்கும் மளிகைக்கடைக்காரர் ஒரு துளையோடு நிறுத்த மாட்டார். எதிர் மூலையில் ஆணி வைத்து இன்னொன்றும் போடுவார். அது இல்லாவிட்டால் எண்ணெய் 'களக் களக்' என்று திக்கித் திக்கித்தான் விழும். இறங்கிய எண்ணெயின் இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் திரவ இயற்கை எரிவாயுக் கப்பல்கள் சரக்கு இறக்குகின்றன. அங்கும் இதே சிக்கல்தான், ஆனால் காற்றை மட்டும் உள்ளே விடவே கூடாது. இந்த எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அதோடு காற்று கலந்தால் அது வெடிக்கக்கூடிய கலவை.

தொட்டியில் இருப்பது மைனஸ் 162 டிகிரி செல்சியஸில், கொதிநிலையிலேயே நிற்கும் திரவம். பெரிய கப்பலின் பம்புகள் மணிக்குச் சுமார் 12,000 கன மீட்டரை வெளியேற்றும். அத்தனை இடமும் காலியாகிறது. திரவமே ஆவியாகி அதை நிரப்பிவிடாதா?

ஓட்டல் சமையலறையில் பெரிய அடுப்புக்குப் பூட்டிய சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வியர்த்திருக்கும், சில நேரம் உறைபனியே படிந்திருக்கும். ஆவியாக வெப்பம் வேண்டும். சிலிண்டர் அதைத் தன் இரும்புச் சுவர் வழியே அறையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கப்பல் தொட்டியைச் சுற்றியோ கனத்த வெப்பக்காப்பு. மேற்பரப்புத் திரவம் கொஞ்சம் ஆவியாகும், அதனாலேயே குளிரும், குளிர்ந்ததும் ஆவியாவது தளரும். பம்புகளின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும்.

இறங்கினால் என்ன? சவ்வு வகைத் தொட்டியின் உட்சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் கொண்ட உலோகத் தகடு. உள்ளிருந்து திரவம் அழுத்தினால் பின்னாலுள்ள காப்புப் பலகைகள் தாங்கிக்கொள்ளும். பின்னாலிருந்து தள்ளினால் தாங்க எதுவுமில்லை. தகடு பெயர்ந்து உப்பிவிடும். அதனால்தான் தொட்டிக்குள் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றைவிடச் சற்றே மிகுந்திருக்க வேண்டும். மிகவும் இறங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும், பம்புகள் தாமாகவே நின்றுவிடும்.

தீர்வு, அந்த இரண்டாவது துளைதான். கப்பலுக்கும் கரைக்கும் இடையே நீளும் குழாய்க் கைகளில் ஒன்று எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கரைத் தொட்டியில் திரவம் ஏற ஏற அங்கே ஆவி நெருக்கப்படுகிறது. அந்த ஆவி இந்தக் கை வழியே கப்பலுக்குத் திரும்புகிறது. அழுத்தம் போதாவிட்டால் ஊதுவிசிறி தள்ளிவிடும். கரையிலிருந்து ஆவி கிடைக்காதபோது, கப்பலிலுள்ள ஆவியாக்கி சரக்கிலேயே கொஞ்சத்தைச் சூடாக்கி வாயுவாக்கும். அல்லது பம்புகளின் வேகத்தைக் குறைப்பார்கள்.

அந்த 12,000 கன மீட்டர் இடத்தை நிரப்பும் குளிர்ந்த ஆவியைத் திரவமாக்கினால் ஏறக்குறைய 50 கன மீட்டர்தான் தேறும். ஆனாலும் விலை பேசும்போது அந்த வாயுவின் ஆற்றலையும் இறக்கிய சரக்கிலிருந்து கழித்துத்தான் கணக்கு முடிக்கிறார்கள்.