டெலிமெட்ரி: வல்லூறு வேட்டையில் வழங்கும் ஒரு சொல்லும் அதற்குரிய தமிழும்

வல்லூறுகளைப் பழக்கி வேட்டையாடுவோர், பறவையின் உடலிலும் அதனோடு சேர்ந்து வேலை செய்யும் நாயின் கழுத்திலும் பொருத்தும் சிறு அலைபரப்பியையும், அதன் அலையைக் கேட்கும் ஏற்பியையும், இவ்விரண்டையும் கொண்டு நடத்தும் தேடலையும் ஒருசேர 'டெலிமெட்ரி' என்றே சொல்கிறார்கள். கிரேக்க மொழியில் 'டீலே' என்றால் தொலைவு. 'மெட்ரான்' என்றால் அளவு. தொலைவில் இருக்கும் ஒன்றை அங்கேயே அளந்து, அந்த அளவை இங்கிருந்து பெறுவதே இச்சொல்லின் பொருள். தமிழில் இத்துறையைத் தொலையளவியல் என்றும், செயலைத் தொலையளவீடு என்றும் எழுதுகிறோம். மூலச்சொல்லின் வேருக்கு நேராக அமைந்த நல்ல ஆக்கங்கள்தாம் இவை. ஆயினும் வேட்டைக்காரரின் கருவிக்கு இவை பொருந்துமா என்பதை, அக்கருவி செய்யும் வேலையைப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

மின்கருவிகள் வருவதற்கு முன் இவ்வேலையைச் செய்தது மணி. பறவையின் காலில் மெல்லிய தோல்வாரால் கட்டிய சிறு மணி, புதருக்குள் இரையோடு இறங்கிவிட்ட வல்லூறு சிறகை அசைத்தாலும் காட்டிக்கொடுக்கும். லாகூரில் செய்த மணிகள் இதற்கென்றே ஐரோப்பாவரை பெயர் பெற்றிருந்தன; ஒரு காலின் மணிக்கும் மறுகாலின் மணிக்கும் அரைச்சுரம் வேறுபாடு இருந்தால் ஓசை தொலைவுக்குக் கேட்கும் என்று இணையிணையாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாயின் மணியோ ஓசை நிற்கும்போதுதான் செய்தி சொல்லும். பாயிண்டர், செட்டர் இன நாய்கள் பதுங்கிய பறவையின் மணம் கண்டதும் அசையாமல் நின்றுவிடுவதால், மணி ஓய்ந்த இடமே இரை இருக்கும் இடம். நம் மேய்ச்சல் நிலங்களில் மாட்டின் கழுத்து மணியைக் கேட்டு மந்தையைத் தேடியவர்களுக்கு இந்த நுட்பத்தை விளக்கத் தேவையில்லை.

மணியோசை எட்டாத தொலைவுக்காக வந்ததே அலைபரப்பி. காலிலோ, வாலின் நடு இறகிலோ, வார்களால் முதுகிலோ அதைப் பொருத்துவார்கள். உடல் எடையில் மூன்று விழுக்காட்டுக்குள் அது இருப்பது நல்லது என்பது பரவலான வழக்கம். 900 கிராம் எடையுள்ள பைரி என்னும் வல்லூறுக்கு அந்த வரம்பு 27 கிராம். கருவி விட்டுவிட்டு ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். தேடுபவர், தான் நோக்கும் திசையின் அலையையே நன்கு வாங்கும் யாகி வகை அலைவாங்கியைச் சுற்றிலும் திருப்பி, துடிப்பு உரக்கக் கேட்கும் திசையைக் குறித்துக்கொள்வார். வேறோர் இடத்தில் நின்று மறுமுறையும் குறிப்பார். இரு கோடுகளும் வெட்டும் இடத்தின் அருகே பறவை இருக்கும். தரையில் இறங்கிய பறவையின் அலையை மேடுகளும் மரங்களும் மறைத்துவிடுவதால், உயரமான இடத்துக்கு ஏறித் தேடுவது இத்தொழிலின் முதற்பாடம்.

இங்கே அளவு என்பது எங்கே இருக்கிறது? அந்தக் கருவி எதையும் அளப்பதில்லை. 'இங்கே இருக்கிறேன்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பெங்களூரில் நடத்தும் இஸ்ட்ராக் மையத்தின் முழுப்பெயரிலேயே டெலிமெட்ரி, டிராக்கிங், கமாண்ட் என்று மூன்று சொற்கள் தனித்தனியே நிற்கின்றன. அளவுகளைப் பெறுவது ஒரு வேலை, இருப்பிடத்தைப் பின்தொடர்வது வேறொரு வேலை என்ற தெளிவு அப்பெயரில் இருக்கிறது. வேட்டைக்காரர் இரண்டாம் வேலைக்கு முதலாவதன் பெயரை வைத்துவிட்டார். காட்டுயிர் ஆய்வாளர்களும் இவ்வாறே பேசுகிறார்கள். அவ்விரு உலகங்களும் தொடர்பற்றவை அல்ல: 1961இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பழுப்புக் கரடிக்கு அலைபரப்பிப் பட்டை அணிவித்த காட்டுயிர் ஆய்வாளர்களான கிரெய்க்ஹெட் இரட்டையர், இளமையில் வல்லூறு பழக்கியவர்கள், பவநகர் இளவரசர் தர்மகுமார்சின்ஜியின் அழைப்பின் பேரில் 1940இல் இந்தியாவுக்கு வந்து அவருடைய வேட்டைப் பறவைகளோடு பழகியவர்கள்.

ஜி.பி.எஸ். பொருந்திய புதிய கருவிகளின் நிலை வேறு. செயற்கைக்கோள் பறவையைப் பார்ப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. செயற்கைக்கோள்களின் அலைகளைக் கொண்டு கருவிதான் தன் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு, அந்த எண்களை உரியவரின் கைக்கருவிக்கு அனுப்புகிறது. நாயின் பட்டை, அது ஓடுகிறதா, மணம் கண்டு நிற்கிறதா என்பதையும் தெரிவிக்கிறது. இதுவே சொல்லின் முழுப்பொருளில் டெலிமெட்ரி.

ஆகவே ஒரே தமிழ்ச்சொல்லை இரண்டுக்கும் இடுவது சரியாகாது என்பது என் கருத்து. துடிப்பை மட்டும் அனுப்புவதை 'இடமறி பரப்பி' என்றும், அளந்து அனுப்புவதைத் 'தொலையளவுப் பரப்பி' என்றும் வழங்கலாம். டிரான்ஸ்மிட்டருக்குப் 'பரப்பி' பொருத்தமானது. ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்ற சொற்களில் நமக்குப் பழகிய வினையே அதில் உள்ளது. 'தடங்காட்டி' என்பாரும் உண்டு. தடம் என்பது மண்ணில் பதிந்த சுவடு. நாய்க்குப் பொருந்தினாலும் வானில் செல்லும் பறவைக்கு அச்சொல்லை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

2023இல் அரிக்கொம்பன் யானையைப் பற்றிய செய்திகளால் 'ரேடியோ காலர்' தமிழ்நாடெங்கும் பழகிவிட்டது. யானைக்கும் நாய்க்கும் அதை 'இடமறி கழுத்துப்பட்டை' என்று சொல்லலாம். வல்லூறுக்குக் காலர் என்று எழுதுவது மட்டும் பிழை. காலிலோ வாலிலோ முதுகிலோ கட்டியதைக் கழுத்துப்பட்டை என்று சொல்ல முடியாது.