காட்ஸ்வோல்ட்ஸ் கல் வீடுகளும் சிமென்ட் செய்யும் கேடும்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் வட்டாரத்துப் பழைய கல் வீடுகளில் பழுது என்றதும் பலர் முதலில் கை வைப்பது கல்லிடுக்குகளில்தான். சுண்ணாம்புக் காரை விரலால் சுரண்டினாலே உதிர்கிறது என்று அங்கே சிமென்ட்டை அடைத்துவிடுகிறார்கள். சில பல குளிர்காலங்கள் போனபின் பார்த்தால் சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்தி நிற்கும். நடுவிலிருந்த கல்லின் முகம் பொடிந்து உள்வாங்கியிருக்கும்.

இந்தச் சுவர்களின் அமைப்பு அப்படி. உள்ளும் புறமும் கல் அடுக்கு, நடுவே சல்லியும் மண்ணும் சுண்ணாம்பும். மொத்தம் 45 முதல் 60 சென்டிமீட்டர் கனம். ஈரத்தடுப்புப் படலம் எதுவும் கிடையாது. நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் மழையை உறிஞ்சும். அந்த ஈரம் பெரும்பாலும் காரை வழியாக உலர்ந்துவிடும். அந்த வழியைச் சிமென்ட் அடைத்தால் ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கல்லின் முகத்துக்குப் பின்னால் உப்பு படிகமாகிறது, பனிக்காலத்தில் நீர் உறைந்து விரிகிறது, முகம் செதில் செதிலாகப் பெயர்கிறது. காரை எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அழிய வேண்டியது காரைதான். அதை மாற்றலாம், 1600-களில் செதுக்கிய கல்லை மாற்ற முடியாது.

பழைய காரையை இடுக்கின் அகலத்தைப் போல இருமடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர், கைக்கருவியால் சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர் வேண்டாம், கல்லின் விளிம்பு போய்விடும். சிமென்ட் கல்லோடு இறுகப் பிடித்திருந்தால் அதைப் பெயர்க்காமல் விட்டுவிடுவதே மேல். இடுக்கை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சொரசொரப்பான மணல் கலந்து நிரப்புங்கள். சற்று இறுகியதும் விறைப்பான தூரிகையால் தட்டிவிட்டு, ஈரச் சாக்கால் சில நாள் மூடி வையுங்கள். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்கும் என்றால் வேலையைத் தொடங்கவே கூடாது. அவசரக்காரர்கள் கெடுப்பது இங்கேதான்.

உள்சுவர் ஈரமாக இருந்தால் உடனே ஈரத்தைத் தடுக்கும் ரசாயனத்தைச் சுவருக்குள் ஊசிபோல் செலுத்தச் சொல்வார்கள். சல்லி நிரப்பிய சுவரில் அது ஒரே சீராகப் பரவாது. மரத்துக்கென்று அளவிட்ட ஈரமானி, சுவரிலுள்ள உப்பைக்கூட ஈரம் என்று காட்டும். முதலில் மழைநீர்க் குழாயையும், வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கூரையில் இருப்பவை கல் ஓடுகள்: இறவாணத்தில் பெரியவை, முகட்டை நெருங்க நெருங்கச் சிறியவை. கரடுமுரடான கல் என்பதால் நீர் தங்காமலிருக்கச் சரிவு செங்குத்தாக இருக்கும். ஓடு நழுவினால் கல்லைக் குறை சொல்லாதீர்கள். அதைத் தாங்கும் ஓக் மர ஆணி மக்கியிருக்கலாம். உள்ளிருந்து நுரை தெளித்து ஒட்டவைப்பது மரச்சட்டங்களின் அழுகலை மறைக்கத்தான் உதவும்.

காட்ஸ்வோல்ட்ஸின் பிபரி கிராமத்திலுள்ள ஆர்லிங்டன் ரோ வீடுகள் 14-ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காக எழுந்து, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியவை. இதுபோலப் பாதுகாக்க வேண்டியவை என்று அரசு பட்டியலிட்ட கட்டடங்களின் தன்மையை மாற்றும் வேலைக்கு, 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சியின் முன் ஒப்புதல் தேவை. ஒப்புதலின்றிச் செய்தால் குற்றவழக்கு. முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யும்படி இப்போதைய உரிமையாளருக்கு உத்தரவு வரலாம். ஆகவே, வாங்கும் முன்பே ஒப்புதல் ஆவணங்களைக் கேட்டுப் பாருங்கள்.