மார்புப் புற்றுநோய்: கத்தி சிறுத்தது ஏன்?

மல்லாவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு முந்தி மகரகமவில் மார்பை முழுதாக எடுத்தார்கள். இப்போது அக்காவுக்குத் தெல்லிப்பழையில் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்ச் சிகிச்சையும் ஐந்து வருடத்துக்குத் தமொக்சிஃபென் குளிசையும் என்கிறார்கள். வைத்தியத்தைக் குறைத்துவிட்டார்களா?"

குறைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட் மார்பு, அதன் கீழுள்ள தசை, கக்கத்து நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்தார். புற்று பக்கத்திலிருந்து தூரத்துக்கு ஒழுங்காகப் பரவும், அகல வெட்டினால் தப்பலாம் என்பது அவர் கணக்கு. புற்றுக் கலங்கள் தொடக்கத்திலேயே இரத்தத்தில் போயிருக்கலாமே என்று கேட்டவர் இன்னொரு அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர், பேர்னாட் ஃபிஷர். 1976இல் அவர் தொடங்கிய ஆய்வில் 1,800க்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். 20 வருடம் கழித்துப் பார்த்தால், மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் பிடித்தவர்களுக்கும் உயிர்பிழைப்பதில் வித்தியாசமில்லை. கட்டி பெரிதென்றாலோ பல இடத்தில் இருந்தாலோ இன்றும் முழுதாக எடுப்பதுண்டு.

சரி, இரத்தத்தில் போன கலத்தை என்ன செய்வது? அதற்குத்தான் குளிசை.

மார்புப் புற்றுகளில் பத்தில் ஏழுக்காவது ஈஸ்திரோஜன் என்ற பெண் ஹோர்மோனைப் பிடிக்கும் வாங்கிப் புரதம் உண்டு. அதில் ஒரு பை, பைக்கு 12ஆவது சுருள் என்கிற மூடி. ஈஸ்திரோஜன் பைக்குள் முழுதாக அடங்கும், மூடி சாத்திக்கொள்ளும். உடனே புரதத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளம் அமையும். துணைப் புரதங்கள் அதில் வந்து ஒட்ட, மரபணுக்கள் வேலையைத் தொடங்கும், கலம் பெருகும். தமொக்சிஃபெனும் அதே பைக்குள்தான் போகும், ஆனால் அதற்கு ஒரு வால் இருக்கிறது. றங்குப்பெட்டிக்குள் வைத்த அகப்பையின் காம்பு வெளியே நின்றால் மூடி சாத்தாதல்லவா, அதே கதைதான். அப்புறம் நடப்பதுதான் பேரழகு: தள்ளப்பட்ட மூடி போய் அந்தப் பள்ளத்திலேயே படுத்துக்கொள்கிறது! துணைப் புரதத்துக்கு ஒட்ட இடமே இல்லை. 1998இல், புரதத்தைப் பளிங்காக்கி எக்ஸ் கதிரால் எடுத்த படத்தில் இதைக் கண்டார்கள். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காது.

இந்த மருந்தை 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவாக்கியவர் டோரா ரிச்சட்சன். தேடியது கருத்தடை மருந்து. அதற்கு இது உதவவில்லை, பிறகு புற்றுக்குத்தான் உதவியது. பயன் உடனே தெரியாத ஆராய்ச்சிக்கும் காசு ஒதுக்கவேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

"கத்தி பட்டால் புற்று பரவும்" என்று எங்கள் ஊர்களில் இன்னும் சொல்கிறார்கள். அதை நம்பிக் கட்டியோடு மாதக்கணக்கில் இருப்பவர்களை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. புற்று பரவுவது அந்தக் காத்திருப்பில். கட்டி தட்டுப்பட்டால் சுகவனிதையர் கிளினிக்குக்கு உடனே போங்கள்.

அக்கா குளிசையை இடையில் விடவேண்டாம். புற்றில் அந்த வாங்கிப் புரதம் உள்ளவர்கள் ஐந்து வருடம் எடுத்தால் 15 வருடத்துக்குள் இந்த நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒன்று மட்டும் கவனம்: கருப்பையில் இதே மருந்து ஈஸ்திரோஜன் போல நடக்கும். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.