‘உசுரு தப்புச்சதே பெருசு’ என்று சொல்லாதீர்கள்

வாடிப்பட்டிப் பக்கம் சிறுமலை அடிவாரத்திலிருந்து ஒரு பெரியவரை அவர் மருமகள் கூட்டிவந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நெஞ்சு படபடப்பு என்று இரண்டு இடங்களில் காட்டி, ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருந்ததால் மனநல மருத்துவரான என்னிடம் அனுப்பியிருந்தார்கள். பங்குனியில் மலையில் பிடித்த தீ, காற்றில் இறங்கி மாந்தோப்பு வேலிவரை வந்திருக்கிறது. சில மரங்கள் கருகின; வீடு தப்பியது.

"ஒண்ணும் போகல டாக்டர், உசுரு தப்புச்சதே பெருசுன்னு ஊரே சொல்லுது. மாமாதான் ராத்திரி மூணு தடவ மாடிக்குப் போயி, பொகை வாட வருதான்னு மோந்து பாத்துட்டு வர்றாரு."

பெரியவர் வாயே திறக்கவில்லை. திறக்க விடாமல் செய்தது அந்த ஆறுதல்தான் என்பேன். அதற்கு மேல் வருத்தப்பட்டால் நன்றிகெட்டதனம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கருகியவை அவர் அப்பா நட்ட மரங்கள் என்பதே மூன்றாவது முறை வந்தபோதுதான் தெரிந்தது.

2018 மார்ச் 11 தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத் தீயில், மலையேற்றம் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் பலரை மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவர்களைப் பற்றி நாடே பேசியது, சரி. இருட்டில் மலையேறித் தூக்கிவந்த உள்ளூர்க்காரர்கள் அப்புறம் எப்படித் தூங்கினார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

தீயைப் பார்த்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் இயல்பு. பெரும்பாலும் தானாகவே அடங்கும். 'என்ன நடந்தது, சொல்லு' என்று நச்சரிக்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தூக்கத்துக்கென்று குடிக்கத் தொடங்குபவர்களையும் பார்க்கிறேன், அது இன்னும் மோசம். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கண்முன் வந்தால், வேலைக்குப் போக முடியாவிட்டால், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தேறியவருக்கும் வாசனை ஒன்று போதும். பக்கத்து வயலில் கரும்புச் சோகை கொளுத்தினால் நம் பெரியவருக்குக் கை நடுங்கும். கார்த்திகைக்குச் சொக்கப்பனை பார்க்கப் போய்ப் பாதி வழியில் திரும்பிவிட்டார். வீட்டில் கேலி செய்தார்களாம். அது கோழைத்தனமில்லை, உடம்பு ஆபத்தை நினைவு வைத்திருக்கும் விதம் என்று மகனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

மாத்திரையும் பேச்சும் ஓரளவு உதவின. அதைவிட உதவியது வேறு. கோடைக்கு முன் வனத்துறை தீத்தடுப்புக் கோடு போடுவதுபோல, மாசி பிறக்குமுன் வேலியோரச் சருகையும் காய்ந்த புல்லையும் கொளுத்தாமல் வாரி அள்ளினார். பட்டா நகல், ரேஷன் கார்டு, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கதவோரம் மாட்டினார்.

இப்போது ராத்திரி ஒரு தடவைதான் மாடிக்குப் போகிறாராம். அதையும் நிறுத்தச் சொல்லட்டுமா என்று மருமகள் கேட்டார். இந்தக் கோடை முடியட்டும் என்றேன்.