குட்டிக்குப் போடும் தீவனத்தை முதலில் தின்பது யார்?

செம்மறிக்குட்டியைக் கறிக்காகக் கொழுக்க வளர்க்கும்போது தீவனச் செலவில் கையைக் கடிப்பது பெரும்பாலும் புரதம்தான். உலகின் பல பகுதிகளில் சோயா பிண்ணாக்குதான் அதைக் கொடுக்கிறது. அதில் புரதம் 44 முதல் 48 சதவீதம். சோயா விலை ஏறும்போதெல்லாம் அதற்குப் பதில் என்ன போடலாம் என்று தேட ஆரம்பிப்போம். மூட்டையில் எழுதியிருக்கும் புரதச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் இதில் நாம் செய்யும் பெரிய தப்பு.

காரணம், போட்ட தீவனத்தை முதலில் தின்பது குட்டி இல்லை. அசை போடும் விலங்கின் முதல் வயிறு ஒரு பெரிய புளிப்புத் தொட்டி. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. உள்ளே வரும் புரதத்தில் பெரும்பகுதியை அவை அம்மோனியா வரைக்கும் உடைத்துவிட்டு, அந்த அம்மோனியாவைக் கொண்டே தங்கள் உடம்பைக் கட்டுகின்றன. அப்புறம் அவையே கீழே நான்காம் வயிற்றுக்கு இறங்கிச் செரிக்கப்படுகின்றன. குட்டிக்குக் கிடைக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் இப்படிச் செத்த நுண்ணுயிர்களிடமிருந்துதான் வருகிறது.

1949-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். புரதத்துக்கு அடிப்படையான நைட்ரஜனுக்கு யூரியாவை மட்டுமே நம்பியிருந்த ஒரு தீவனத்தைச் செம்மறிகளுக்குக் கொடுத்தார்கள். தீவனத்தில் ஏறக்குறைய இல்லாத அத்தியாவசிய அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் செங்கற்கள்) பத்தும் வயிற்றுக்குள் உருவாகியிருந்தன.

அப்படியென்றால் யூரியாவையே கொட்டிவிடலாமே? காகிதக் கணக்கு ஆசை காட்டத்தான் செய்யும். தீவன ஆய்வில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். பெருக்கினால் 287 சதவீதப் புரதம்! ஆனால் யூரியா வயிற்றில் மிக வேகமாக உடைகிறது. அதே நேரத்தில் நுண்ணுயிர்களுக்கு மாவுச்சத்திலிருந்து எரிசக்தி கிடைக்காவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் ஏறும். ஈரல் அதைச் சமாளிக்க முடியாமல் போனால் குட்டி செத்துவிடும். அதனால்தான் மொத்தத் தீவனத்தில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சீராகக் கலக்க வேண்டும் என்கிறார்கள். முதல் வயிறு இன்னும் வளராத இளங்குட்டிக்கு யூரியா வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பால்குடி மறந்த குட்டி வளரும் வேகத்துக்கு நுண்ணுயிர்ப் புரதம் மட்டும் காணாது. முதல் வயிற்றில் உடையாமல் தப்பித்துக் கீழே இறங்கும் புரதமும் கொஞ்சம் வேண்டும். பிண்ணாக்கை அளவாகச் சூடாக்கினால் இந்தத் தப்பிக்கும் பங்கு கூடும். தீய்ந்துபோனால் கீழேயும் செரிக்காது, சாணத்தோடு போய்விடும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள இலைதழைகளிலும் இந்தப் பாதுகாப்பு ஓரளவு உண்டு. முதல் வயிற்றில் டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்காம் வயிற்றின் கடும் அமிலத்தில் விட்டுவிடும். டானின் மிஞ்சினால் குட்டி தீவனத்தையே ஒதுக்கிவிடும் என்பதும் உண்மை.

இந்தக் கண்ணோடு மாற்றுப் பொருள்களைப் பார்த்தால் வரிசையே மாறும். பட்டாணியில் புரதம் 22 முதல் 24 சதவீதம்தான், அதுவும் சீக்கிரம் உடைவது. ஆனால் கூடவே மாவுச்சத்தும் வருவதால் நுண்ணுயிர்களுக்கு அது வீணாகாது. கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலாவின் பிண்ணாக்கில் புரதம் சோயாவைவிடக் குறைவு; கந்தகம் உள்ள அமினோ அமிலங்களோ அதிகம். கம்பளி வளர்வதற்கு அவை கட்டாயம் வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் உள்ள காசிபால் என்ற நச்சை வளர்ந்த ஆடு ஓரளவு தாங்கும், சின்னக் குட்டி தாங்காது.

எத்தனால் ஆலையில் தானியத்தைப் புளிக்கவைத்த பிறகு மிஞ்சும் உலர்சக்கையும் நல்ல பொருள்தான். புரதம் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும், தப்பிக்கும் பங்கும் அதிகம். ஆனால் மாவுச்சத்து போய்விட்டதால் பாஸ்பரஸ் செறிந்து கிடக்கும். கிடாக்குட்டிக்கு அது சிறுநீர்க்கல்லைக் கொண்டுவரும். பாஸ்பரஸுக்கு இரண்டு பங்கு கால்சியம் இருக்கும்படி சுண்ணாம்புத் தூள் சேர்த்தாக வேண்டும். சக்கையில் கந்தகம் மிகுந்திருந்தால் மூளையைப் பாதிக்கும் நோயும் வரலாம்.

பூச்சிமாவு பற்றி நிறையப் பேசுகிறார்கள். படைவீரன் ஈ (black soldier fly) என்ற பூச்சியின் புழுமாவில் புரதத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் மீனுக்கு 2017-இலும், கோழிக்கும் பன்றிக்கும் 2021-இலும் அதை அனுமதித்தது. ஆடு மாடுகளுக்கு அனுமதிக்கவில்லை. பூச்சிமாவைப் போலவே விலங்குப் புரதமான இறைச்சி எலும்புத்தூள் தின்ற மாடுகளிடையே பைத்திய மாட்டு நோய் பரவியதை அங்கே யாரும் மறக்கவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. புதிய தீவனத்துக்கு ஏற்ற நுண்ணுயிர்கள் பெருக இரண்டு வாரம் போல ஆகும். பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டினால்தான் குட்டி தீனி தின்பது குறையாமல் இருக்கும்.