பையன் ஃபிட்தான், அவன் கைதான் இன்னும் தயாராகவில்லை

பிப்ரவரி பிறந்தால் போதும், முழங்கையின் உள்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பக்கம் என்னைப் போல் பிசியோதெரபிஸ்டாக இருப்பவர்களுக்கு இது பழகிப்போன சீசன். இந்த வருடம் நம் தமிழ் வீட்டுப் பிள்ளைகளே வரிசையாக வருவதால்தான் இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் ஒரே கதைதான். குளிர்காலம் முழுக்கப் பந்தைத் தொடவில்லை. பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில், ஆள் எடுக்கும் டிரையவுட் அன்று கோச் பார்க்கிறாரே என்று முழு வேகத்தில் வீசினான். அடுத்த வாரம் மேட்ச்சில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். அதற்கடுத்த வாரம் என்னிடம்.

ஏன் இப்படி ஆனது என்று விளக்கத் தொடங்கும்போதே அப்பாவோ அம்மாவோ குறுக்கே வருவார்கள்: "ஆனா இவன் ஃபிட்டாதான் இருக்கான் மேடம், வாரத்துக்கு மூணு நாள் ஸ்விம்மிங் போறானே!"

எனக்கு அலுத்துப்போன வாக்கியம் இது. நீந்தினால் மூச்சு பலப்படும், ஓடினால் கால் பலப்படும். பந்தை எறிவதற்கு முழங்கையின் தசைநார் பழக வேண்டுமென்றால் எறிந்துதான் பழக வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தசை சீக்கிரம் தேறிவிடும், தசைநார் மெதுவாகத்தான் தேறும். ஆபத்தே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தெம்பான பையன் வேகமாக எறிவான், அந்த வேகத்தைத் தாங்க முழங்கை இன்னும் தயாராகியிருக்காது. வளரும் வயதில் அங்கே எலும்பின் வளர்ச்சித் தட்டு வேறு திறந்திருக்கும். ஆக, ஃபிட்டாக இருக்கும் பையனைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். (முழங்கை வலி என்று வந்தால் நான் முதலில் தோள்பட்டையைத்தான் பார்ப்பேன். அது ஏன் என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன்.)

இந்த ஊரைச் சுற்றித்தான் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் 15 அணிகள், சீசனுக்கு முந்தைய பயிற்சியான ஸ்பிரிங் டிரெய்னிங் முகாம் போடுகின்றன. மற்ற 15 அணிகள் ஃபுளோரிடாவில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாத வீடு இல்லை. போய்விட்டு வந்து, "பெரிய பிட்சர்னு போனோம், ஒரு இன்னிங்ஸ் போட்டுட்டு உள்ளே போயிட்டார்" என்று புகார். (பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.) அய்யா, நீங்கள் பார்க்க வேண்டிய பாடமே அதுதான்! பிப்ரவரிக் கடைசியில் அவர் 20, 25 பந்துதான் வீசுவார். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டிங் பிட்சருக்கு ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் முறை வரும். ஒவ்வொரு முறையும் சுமார் 15 பந்து கூட்டிக்கொண்டே போனால் 85, 90 பந்தை எட்ட ஐந்தாறு ஆட்டம் ஆகும். அதற்கு முன்னால் புல்பென் என்ற பயிற்சி இடத்தில் வீசி, பிறகு பந்தை அடிக்கும் நிஜ பேட்டருக்கு வீசிப் பார்க்கும் நாட்களையும் சேர்த்தால் ஆறு வாரம் வந்துவிடும்.

பேட்டர்களுக்கு இவ்வளவு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் அவர்களுக்கு மூன்று வாரமே தாராளம். பிட்சரும், அவர் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சரும் சில நாள் முன்னாலேயே முகாமுக்கு வந்துவிடுவது வழக்கம். டிக்கெட் வருமானத்துக்காகத்தான் முகாமை ஆறு வாரம் இழுக்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் பாதி உண்மையும் உண்டு. 1886-இல் சிகாகோ அணியை அதன் கேப்டன் கேப் ஆன்சன் ஆர்கன்ஸாவின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு அழைத்துப்போன நாட்களில் குளிர்காலத்துக் குடியையும் தொப்பையையும் கரைப்பதே நோக்கம். இன்றைய ஆட்டக்காரர்கள் ஜனவரியிலேயே எறியத் தொடங்கிவிடுகிறார்கள், தொப்பையோடு யாரும் வருவதில்லை. அப்படியும் பிட்சருக்கான அந்த ஆறு வாரக் கணக்கு பெரிதாகக் குறையவில்லை.

குறைத்துப் பார்த்த வருடங்களும் உண்டு. 1995-இல் வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் 2020-இல் கொரோனா இடைவெளிக்குப் பிறகும் சுமார் மூன்றே வாரம்தான் கிடைத்தது. 2020-இல் சீசன் ஆரம்பத்தில் ஒரு அணிக்கு 30 பேரை அனுமதித்தார்கள். 2022-இல் லாக்அவுட்டால் (அணி முதலாளிகளின் கதவடைப்பு) முகாம் நான்கு வாரத்துக்கும் கீழே வந்தது, 26 பேர் இருக்க வேண்டிய அணியில் முதல் சில வாரம் 28 பேர். பிட்சர்களின் கை தயாராக இருக்காது, கூடுதல் ஆள் வேண்டும் என்பதை லீக்கே ஒப்புக்கொண்ட மாதிரிதான். அந்த ஏப்ரல் 13 அன்று மினசோட்டாவில் நட்சத்திர பிட்சர் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் வீசினார், ஒரு பேட்டர்கூட பேஸுக்குப் போகவில்லை. மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை 23 முறை மட்டுமே நடந்திருந்த பெர்ஃபெக்ட் கேம் (ஆட்டம் முழுக்க எதிரணியில் ஒருவர்கூட பேஸுக்குப் போகாதது) இரண்டே இன்னிங்ஸ் தூரத்தில் இருந்தது. 80 பந்தோடு அவரை வெளியே எடுத்தார் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ். கெர்ஷா சண்டை போடவில்லை. ஜனவரி வரை தான் பந்தையே எடுக்கவில்லை என்று காரணத்தையும் அவரே சொன்னார். கெர்ஷாவுக்கே இந்தக் கணக்கு என்றால் உங்கள் பதினொரு வயதுப் பிள்ளைக்கு?

சரி, என்ன செய்யலாம்? குளிர்கால ஓய்வைக் குறை சொல்லவில்லை, அது வேண்டும். மேஜர் லீக்கும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் விதிகளே வருடத்தில் நான்கு மாதம் எறியாமல் இருக்கச் சொல்கின்றன. ஓய்விலிருந்து திரும்பி வரும் விதம்தான் சரியில்லை. முதல் வாரம் 30, 40 அடி தூரத்தில் மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் வாரா வாரம் தூரத்தைக் கூட்டுங்கள். பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறி வீசுவது நான்காவது வாரத்துக்குப் பிறகு போதும். 11, 12 வயதில் ஒரு நாளைக்கு 85 பந்து என்பது உச்ச வரம்பு. எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 66-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. இரண்டு அணிக்கு ஆடுகிறானா? இரண்டையும் கூட்டி எண்ணுங்கள், உங்களைத் தவிர வேறு யாரும் எண்ணப்போவதில்லை. ஒரே ஆட்டத்தில் பிட்சர், கேட்சர் இரண்டும் வேண்டவே வேண்டாம். யூடியூப் பார்த்து வாங்கிய கனமான பந்துகளைத் தயவுசெய்து பரணில் போடுங்கள்.

வலி என்று சொன்ன பிள்ளைக்கு இபுப்ரோஃபென் கொடுத்து மேட்ச்சுக்கு அனுப்பாதீர்கள். வலி தெரியாமல் போனால் அவன் இன்னும் வேகமாகத்தான் எறிவான். கெஞ்சிக் கேட்கிறேன்.

டிரையவுட் தேதி வந்ததும் அதிலிருந்து ஆறு வாரம் பின்னால் எண்ணிக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த நாள் ஏற்கெனவே தாண்டிவிட்டதென்றால் கோச்சிடம் பேசுங்கள், முதல் சில மேட்ச்சுக்கு இவனைப் பிட்சராகப் போடாமல் செகண்ட் பேஸில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியும் தூரம் குறைவு.