தலைமேல் என்ன இருக்கிறது?

ஒரு மென்பொருளின் விளம்பரத் தாளைத் தமிழாக்கி என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார்கள். காரில் வேகம் முதலிய எண்களை ஓட்டுநரின் கண்ணெதிரே காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளேயை வடிவமைப்பதற்கான ஒளியியல் மென்பொருள். முதல் வரியிலேயே 'தலைமேல் காட்சி'. இந்த வருடம் இதை நான் பார்ப்பது நான்காம் தடவை. கார் விமர்சனங்களில் வந்தபோது பேசாமல் இருந்தேன். ஒளியியல்காரர்களுக்கான தாளிலுமா?

சொல் விமானத்திலிருந்து வந்தது. விமானி கருவிப் பலகையைக் குனிந்து பார்க்காமல், தலை நிமிர்ந்தபடியே வேகத்தையும் உயரத்தையும் அறிய வேண்டும். குனிந்து பார்க்கிற கருவிக்கு ஹெட்-டவுன் என்று பெயர். 1988-இல் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீமில் காருக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

ஆக 'அப்' என்பது நிமிர்ந்த தலை. தலைக்கு மேலே இருப்பது ஓவர்ஹெட்: மின்விசிறி, பேருந்தில் பை வைக்கும் தட்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு நொடி குனிந்தால் வண்டி 28 மீட்டர் போய்விடும். அதைத் தவிர்க்க வந்த கருவிக்கு, ஓட்டுநரை அண்ணாந்து பார்க்கச் சொல்வதுபோல் ஒரு பெயர்!

சரி, சிலர் 'கண்ணாடித் திரை' என்கிறார்கள். கேட்க நன்றாக இருப்பதால் இது இன்னும் ஆபத்து. முன்கண்ணாடியில் படம் எதுவும் விழுவதில்லை. கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். எண்கள் தெரிவது சுமார் இரண்டு மீட்டருக்கு அப்பால், பானெட்டின் நுனிப்பக்கம். பள்ளிக்கூடத்தில் படித்த மாயபிம்பம் இது. (தாளில் இதற்கு 'மெய்நிகர் படம்'. பாடநூலைப் புரட்டினால் என்ன குறைந்துவிடும்?) சலூன் கண்ணாடியில் நம் முகம் அதற்குப் பின்னால் தெரிகிறது, அதை யாரும் திரை என்பதில்லை. முன்கண்ணாடிக்கு உள்முகம், வெளிமுகம் என இரண்டு உண்டு. இரண்டும் பிரதிபலிப்பதால் எண் இரட்டையாகத் தெரியும். அதைச் சரிக்கட்டத்தான் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவிலுள்ள படலத்தை ஆப்பு வடிவில் செய்கிறார்கள். திரையாக இருந்தால் இந்தப் பாடே கிடையாது.

பெயர் தப்பினால் மென்பொருள் வாங்குவதும் தப்பும். திரை என்று நினைப்பவர் பரப்பில் வெளிச்சம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடும் லைட்டூல்ஸ் வகையைத் தேடுவார். முதலில் வேண்டியது பிம்பத்தை ஆராயும் கோட் வி போன்றது: ஓட்டுநரின் கண் கொஞ்சம் நகர்ந்தாலும் எண் கலையாமல் இருக்கிறதா என்று அது சொல்லும். அப்புறம், உச்சி வெயில் கருவிக்குள் இறங்கி எங்கே குவிகிறது என்று பார்க்க, கதிர் எந்தப் பரப்பில் எப்போது படும் என்று முன்கூட்டி விதிக்காத கணக்கும் தேவை. ஆப்டிக்ஸ்டூடியோ என்ற மென்பொருளில் இரண்டும் உண்டு. இந்த இரண்டாவது கணக்குக்கு ஆங்கிலத்தில் நான்-சீக்வென்ஷியல் ரே டிரேசிங், தாளில் 'தொடர்ச்சியற்ற கதிர் தேடல்' என்று பெயர். கதிர் தொலைந்தா போய்விட்டது? 'வரிசை சாராக் கதிர்த்தடம்' என்று மாற்றினேன். ஃப்ரீஃபார்ம், அதாவது கட்டற்ற வடிவ, ஆடியை 'இலவச வடிவ ஆடி' ஆக்கியிருந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

டிஸ்ப்ளேக்கும் 'காட்சி' வேண்டாம். காட்சி என்பது கண்ணில் படுவது, கருவி 'காட்டி'. நாள்காட்டி, திசைகாட்டி எல்லாம் அப்படித்தானே? 'நிமிர்நோக்குக் காட்டி' என்று எழுதி அனுப்பினேன்.

நீளமாக இருக்கிறது, காரின் பொத்தானில் அடங்காது என்று பதில் வந்தது. அடங்காவிட்டால் ஹெட்-அப் டிஸ்ப்ளேயின் ஆங்கிலச் சுருக்கமான HUD-ஐ 'ஹட்' என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள், மெக்கானிக்குக்காவது புரியும். தலைமேல் மட்டும் வேண்டாம்.